நின்ற இடத்தில் ஓடிய வண்டி

செவிலிமேட்டில் பாலாற்றுப் பக்கமாகப் போகிற கடைசித் தெருவில், விடிந்தும் விடியாத நேரத்தில் ஒரு வண்டிச் சத்தம் கிளம்பும். தூக்கக் கலக்கத்தில் கேட்பவர்கள் யாரோ வேலைக்குப் புறப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். காது கொடுத்துக் கேட்டால்தான் தெரியும், அந்தச் சத்தம் எங்கும் போவதில்லை. கிளம்பிய இடத்திலேயே கொஞ்ச நேரம் உறுமிவிட்டு அப்படியே அடங்கிவிடும்.

அந்த வண்டியைக் கிளப்புகிறவள் ஏலவார்குழலி. ஐம்பதைத் தொட்ட வயது. பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்து, வயதுக்கு வந்ததோடு பள்ளிக்கூடம் நின்று, இன்னொரு தறிக்காரரான குமாரவேலுக்கு வாழ்க்கைப்பட்டவள். பேச்சு குறைவு. தெருவில் யாராவது நின்று பேசினால் சிரித்து வைப்பாள். பதில் உதட்டுக்கு வருவதற்குள் அவர்கள் போயிருப்பார்கள். குமாரவேல் தறியில் உட்கார்ந்தால் பக்கத்தில் இவள் தார் சுற்றுவாள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சியில் பட்டிழையைச் சுற்றித் தருவதுதான் அது. ஒருவர் கை நின்றால் இன்னொருவர் கையும் நின்றுவிடும். அப்படியே முப்பது வருஷத்துக்கு மேல் போய்விட்டது. கோயில் கோயிலாக ஏறி இறங்கி, இனி இல்லை என்று விட்ட பிறகு பிறந்தவன் லோகேஷ். ஒரே பிள்ளை.

அவனுக்குத் தறியைவிட எஞ்சின் மேல்தான் ஆசை. குமாரவேலும் வற்புறுத்தவில்லை. படிப்பு முடிந்ததும் தென்னேரி ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை விடுதியில் வேலைக்குப் போனான். சென்னையிலிருந்து வருகிறவர்கள் மண்மேட்டில் ஏறி இறங்கி விளையாட, தடித்த டயர் போட்ட நாலு சக்கர பைக்குகள் அங்கே இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. விடுதியை இழுத்து மூடியபோது, ஓடாமல் கிடந்த ஒன்றைத் தான் வாங்கிக்கொள்வதாகச் சொன்னான்.

அன்றைக்குப் போனில் அம்மாவிடம், "ஏடிவி வாங்கிக்கினு வரேன்மா, எடம் ஒழிச்சு வை" என்றான். குழலி அலமாரிமேல் இருந்த சாமான்களை எல்லாம் இறக்கி, துடைத்து, புதுத் துணி விரித்து வைத்தாள். சாயங்காலம் வாசலில் வந்து நின்றதைப் பார்த்ததும் துடைத்த துணியோடு இறங்கி வந்தாள்.

"இன்னாடா இது?"

"ஏடிவிமா. இந்த நாலு சக்கர பைக்குக்குப் பேரே அதான்."

"டிவின்னுதானடா சொன்ன? நான் அலமாரிய ஒழிச்சு வெச்சுக்கினு இருக்கறேன்!"

லோகேஷ் தரையில் உட்கார்ந்து சிரித்தான். குமாரவேல் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தபடியே, "தூக்கி அலமாரி மேல வைடா, உங்கம்மா பாக்கட்டும்" என்றார். அதற்கப்புறம் அந்த வீட்டில் வண்டிக்குப் பெயரே டிவி என்றாகிவிட்டது.

வீட்டுப் பக்கவாட்டில் தகரம் இறக்கி, அதன் கீழே வைத்து, அதை முழுசாகப் பிரித்து மாட்டி ஓட வைத்தான். ரோட்டில் ஓட்டுகிற வண்டி இல்லை அது. போலீஸ்காரர் பார்த்தால் விடமாட்டார். அதனால் ஆற்றோர மண்பாதையில் ஓட்டுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய் வருவான். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே சத்தம் கேட்கும். கேட்டதும் குழலி எழுந்து அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவாள். அவன் கைகால் கழுவிக்கொண்டு வருவதற்கும் முதல் தோசை வேகுவதற்கும் சரியாக இருக்கும்.

போன ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தான். இங்கே பார்த்தார்கள், குறையவில்லை. ஆம்புலன்சில் வைத்துச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். ஏற்றும்போது அம்மாவைப் பார்த்து, "டிவி மேல தார்ப்பாய் போட்டு மூடுமா, நனையப் போவுது" என்றான். அவன் பேசி அவள் கேட்டது அதுதான் கடைசி.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தென்னேரியிலிருந்து கோதண்டபாணி வந்தார். அங்கே ஏரிக்கரையில் பிள்ளைகளை இந்த மாதிரி வண்டியில் ஏற்றிச் சுற்றிக் காட்டிப் பிழைக்கிறவர், லோகேஷுக்குப் பழக்கமானவர். தயங்கித் தயங்கி வண்டியைக் கேட்டார். குமாரவேல் மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவளே வாயைத் திறந்தாள்.

"ஓடற வண்டிங்க அது. ஓடறத எதுக்குக் குடுக்கணும்?"

"சரி. ஓடற வரைக்கும் இருக்கட்டும். நின்னுபோச்சுன்னா குடுத்துடலாம். துருப்பிடிச்சு மக்கறத என்னால பாத்துக்கினு இருக்க முடியாது."

அதுதான் பேச்சு. வண்டி ஓடுகிறவரை வீட்டில் இருக்கும். அதை ஓடவைப்பது தன் பாடு என்று குழலி மனதுக்குள் எடுத்துக்கொண்டாள்.

அவர்கள் வீட்டில் தறிக்கு ஒரு பழக்கம் உண்டு. நெய்கிறவர் ஊருக்குப் போனாலும் படுத்துவிட்டாலும், வீட்டில் இருக்கிற இன்னொருவர் காலையில் தறியில் உட்கார்ந்து நாலு இழையாவது போட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டும். தொடாமல் விட்டால் தறி ஊமையாகிவிடும் என்பார்கள். நீளவாக்கில் கட்டிய பாவு நூல் ஈரம் வாங்கித் தொய்ந்துபோவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். குமாரவேலுக்கு ஒருமுறை இடுப்புப் பிடித்துப் படுத்திருந்தபோது குழலிதான் தினமும் உட்கார்ந்து எழுந்தாள். அவர் திரும்பி வந்து உட்கார்ந்தபோது தறி விட்ட இடத்திலிருந்து பேசியது.

வண்டிக்கும் அதையே செய்தாள். குமாரவேல் விடியற்காலையில் முனைக்கடைக்கு டீ குடிக்கப் போவார். அவர் செருப்புச் சத்தம் தேய்ந்ததும் இவள் தார்ப்பாயை விலக்கி, புடவையை ஒதுக்கிக்கொண்டு, அவன் உட்கார்ந்த இடத்தில் ஏறி உட்காருவாள். சாவியைப் போட்டால் முன்விளக்கு எரியும். கியரில் இல்லை என்று காட்டுகிற பச்சை விளக்கு தெரிகிறதா என்று பார்ப்பாள். சோக்கை இழுத்துவிட்டுப் பொத்தானை அழுத்துவாள். யாரும் சொல்லித் தரவில்லை. அவன் செய்வதைப் பார்த்துப் பார்த்தே கைக்கு வந்துவிட்டது. எஞ்சின் பிடித்துக்கொண்டதும் ஹாண்டில் இரண்டும் உள்ளங்கையில் நடுங்கும். கண்ணை மூடிக்கொள்வாள். கொஞ்ச நேரம்தான். அப்புறம் நிறுத்தி, மூடி, அவர் வருவதற்குள் வாசல் தெளித்துக் கோலம் போட்டிருப்பாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மகன் வண்டியில் ஏறி உட்காருகிற அம்மாவை ஊர் என்ன சொல்லும் என்ற கூச்சம். புருஷன் என்ன நினைப்பாரோ என்ற பயம் அதைவிடப் பெரியது.

தை பிறந்த சமயத்தில் ஒரு நாள் பொத்தானை அழுத்தினாள். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

முனையில் ஜெபகுமார் ஆட்டோ எலக்ட்ரீஷியன். முப்பது வயதிருக்கும். டூவீலர், ஆட்டோ, டிராக்டர் எது வந்தாலும் வயரைப் பிடித்துப் பார்த்துச் சரி செய்வான். லோகேஷ் அவன் கடையில்தான் பாதி நாள் கிடப்பான். குழலி கடைக்கு எதிரில் போய் நின்றாள். அவன் நிமிர்ந்து பார்க்கும்வரை கூப்பிடவில்லை. தூசி துடைக்கும்போது சாவி போட்டுப் பார்த்ததாகவும் கிளம்பவில்லை என்றும் சொன்னதும் மீட்டரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

சீட்டைத் தூக்கி மீட்டர் முள்ளை வைத்ததுமே, "பேட்டரி செத்துப்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது வாயில் வருகிற வார்த்தை அது. நாக்கைக் கடித்துக்கொண்டு, "எறங்கிப்போச்சுமா. பழைய பேட்டரி. வேற போட்டுடலாம்" என்றான்.

புது பேட்டரி போட்டான். வண்டி ஒரு தொடுதலில் கிளம்பியது. குமாரவேல் உள்ளிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குழலிக்கு அன்றைக்குச் சோறு இறங்கியது.

மாசி முடிவதற்குள் புது பேட்டரியும் இறங்கிவிட்டது.

இந்த முறை ஜெபகுமார் பேட்டரியைக் கடைக்கு எடுத்துப்போய் சார்ஜ் ஏற்றி எடுத்துவந்து, கீழே சாக்கு விரித்து உட்கார்ந்துவிட்டான். எஞ்சினை ஓடவிட்டு, ரேஸ் கொடுத்து, பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்தான். "பதினாலு காட்டுது. சார்ஜ் நல்லா ஏறுது." எஞ்சினிலிருந்து வருகிற மூன்று மஞ்சள் வயர்களையும் பிரித்துப் பார்த்தான்; மூன்றிலும் கரண்ட் ஒரே அளவு. அப்புறம் சாவியை எடுத்துவிட்டு, வண்டி சும்மா நிற்கும்போது எங்காவது கரண்ட் கசிகிறதா என்று பார்த்தான். ஒரு பொட்டுகூடக் கசியவில்லை. எர்த் வயர் மாட்டிய இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினான். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

"ஒரு கொறையும் இல்லியே! யாருமா குடிக்கறது கரண்ட?" என்று தலையைச் சொறிந்தான். "நீங்க யாராச்சும் சாவியப் போட்டு வுட்டுடறீங்களா? ஸ்டார்ட் கீர்ட் பண்றீங்களா?"

குமாரவேல் அப்போது வாசற்படியில் நின்றிருந்தார்.

"யாரு இருக்கறா பண்றதுக்கு?" என்றாள் குழலி. சொன்னதும் அவளுக்குக் காது சுட்டது.

ஜெபகுமார் அதை நம்பிவிட்டான். அந்த அம்மா முகத்தைப் பார்த்து வேறு மாதிரி நினைக்க அவனுக்குத் தோன்றவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ரெகுலேட்டரை மாற்றிப் போட்டுவிட்டுப் போனான். போகும்போது, "இதுக்கு மேலயும் எறங்குச்சுன்னா, வண்டிக்கு வேப்பிலதான் அடிக்கணும்" என்று சிரித்தான். குழலி சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் அவள் இன்னும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டாள். பேட்டரி இறங்குவதே வண்டியைச் சரியாகத் தொடாமல் விட்டதால்தான் என்று நினைத்து, காலையில் ஒரு முறை, மத்தியானம் குமாரவேல் நூல் வாங்க வெளியே போனால் இன்னொரு முறை என்று கிளப்பினாள். பங்குனி உத்திரக் கூட்டம் ஊரை அடைத்துக்கொண்டிருந்த வாரத்தில், வண்டி திரும்பவும் 'டிக்' என்றது.

மூன்றாவது முறை ஜெபகுமார் வந்தபோது குமாரவேலும் தறியை விட்டு எழுந்து வந்துவிட்டார். "போதும்பா. எத்தினி தடவதான் நீயும் பாப்ப? கோதண்டபாணிக்குச் சொல்லியனுப்பிடறேன்" என்றார். குழலி தகரத்துக்குக் கீழே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கச் சொல்லலாமா என்று வாய்க்குள் வார்த்தை புரண்டது.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு தேவிப்ரியா குப்பைக் கூடையோடு வெளியே வந்தாள். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிற பெண். வாய்த்துடுக்கு.

"இன்னாண்ணா, டிவி ரிப்பேரா? அதான் ரெண்டு நாளா எனக்கு ஆபீஸ் பஸ் போய்டுச்சா! டெய்லி அக்கா ஸ்டார்ட் பண்ற சத்தம் கேட்டுத்தான் நான் எந்திரிக்கறது. எனக்கு அலாரமே அக்காதான்."

சொல்லிவிட்டுத்தான் மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போய்விட்டாள்.

ஜெபகுமார் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். "டெய்லியாமா?"

குழலி தலையை அசைத்தாள்.

"ஸ்டார்ட் பண்ணி எவ்ளோ நேரம் வுடுவீங்க?"

"கொஞ்ச நேரந்தான்பா. தொடாம வுட்டா கெட்டுடுமேன்னு. தறிக்குப் பண்றமே, அந்த மாதிரி..."

ஜெபகுமார் திட்டவில்லை. சாக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பொறுமையாகச் சொன்னான். "அம்மா, இது தறி மாதிரி இல்லமா. ஒரு தடவ ஸ்டார்ட் பண்றதுக்கு பேட்டரிலேர்ந்து நெறய எடுத்துடுது. எடுத்தத வண்டி ஓடினாதான் திருப்பி வைக்கும். நின்னுக்கினே உறுமினா அதுக்கு வர்ற கரண்டு லைட்டுக்கே பத்தாது. நீங்க தெனம் எடுத்துக்கினே இருந்தீங்க, வைக்கல. அவ்ளோதான். வண்டில ஒரு கொறையும் இல்ல."

காப்பாற்றுகிறேன் என்று தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே அதை வற்றவைத்திருக்கிறோம் என்பது குழலிக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்தபோது அவள் வண்டியைப் பார்க்கவில்லை, புருஷனைத்தான் பார்த்தாள். அவர் கோபப்படவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார் குமாரவேல். "முனைக்கடை வரைக்கும் கேக்குது. நின்னப்புறம்தான் நான் வீட்டுக்கு வருவேன்." தரையைப் பார்த்துக்கொண்டு, "அவன் இருக்கும்போது கெளம்புனா போவும். இது கெளம்பி, கெளம்பி நின்னுடுது. அதான் குழலி என்னால கேக்க முடியல" என்றார்.

ஜெபகுமாருக்கு அங்கே இருப்பதா போவதா என்று தெரியவில்லை. வேலையில் கை வைத்தால் தேவலை போலிருந்தது. "வாரத்துக்கு ரெண்டு தடவ நல்லா ஒரு ஓட்டு ஓட்டினா போதும்ணா. பேட்டரி எறங்கவே எறங்காது. நானே வந்து ஆத்தோரமா ஓட்டிக்கினு வரேன். லோகேஷ் வண்டி, எனக்கு இன்னா கஷ்டம்?"

குழலி நிமிர்ந்தாள். குமாரவேல் கோதண்டபாணி பேச்சை மறுபடி எடுக்கவில்லை. வண்டி ஓடும், வீட்டிலும் இருக்கும். பேச்சுப்படி பார்த்தால் அவள் ஜெயித்த மாதிரிதான்.

கடையிலிருந்து வேறொரு பேட்டரி கொண்டுவந்து வயர் கொடுத்துக் கிளப்பினான் ஜெபகுமார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். தகரத்தை விட்டு வண்டி வெளியே வந்ததும் வெயில் பட்டு அதன் சிவப்பு பளிச்சென்றது. சத்தம் தெருவில் நீண்டு, முனையில் திரும்பி, ஆற்றுப் பக்கமாகத் தேய்ந்து போனது. அந்தப் போகிற சத்தம் குழலிக்குத் தாங்கக்கூடியதாகவே இருந்தது. நல்லதாகக்கூட இருந்தது. குமாரவேல் தறிக்குத் திரும்பினார். அவள் அரிசி களைய உள்ளே போனாள். நாடா ஓடுகிற சத்தம் எப்போதும்போலக் கேட்டுக்கொண்டிருந்தது.

சோறு வெந்து வருகிற நேரத்தில் தெருமுனையில் சத்தம் கேட்டது.

குழலி எழுந்தது அவளுக்கே தெரியாது. சோற்றுப்பானையை இறக்கி வைத்தாள், தோசைக்கல்லைத் தூக்கி அடுப்பில் போட்டாள், எண்ணெய் தடவினாள், மாவுப் பாத்திரத்தின் மூடியை எடுத்தாள். சத்தம் வீட்டை நெருங்கி, தகரத்துக்குக் கீழே வந்து, ஒரு முறை உறுமி நின்றது. அவள் கரண்டி நிறைய மாவோடு வாசல் பக்கம் திரும்பினாள். தலையில் ஹெல்மெட்டோடு ஓர் உருவம் படியில் நின்றது.

ஹெல்மெட்டைக் கழற்றிய ஜெபகுமார், "சூப்பரா ஓடுதுமா, பாலாத்து மண்ணுல..." என்று உற்சாகமாகத் தொடங்கி, அவள் கையையும் முகத்தையும் பார்த்து நிறுத்தினான். கல்லில் எண்ணெய் கருகிப் புகைந்தது. தறி நின்றிருந்தது. குமாரவேல் குழியிலிருந்து பாதி எழுந்த நிலையில், ஒரு கை பலகைமேல் ஊன்றி, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தது எதற்கென்று அவருக்கும் சொல்லத் தெரியாது. புருஷனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்புறம் அவர் மெதுவாக உட்கார்ந்தார்.

குழலி அடுப்பை நிறுத்தினாள். மாவைப் பாத்திரத்திலேயே திரும்ப ஊற்றினாள்.

"கோதண்டபாணி இன்னும் கேக்கறாரான்னு கேளுங்க" என்றாள்.

"இப்ப ஓடுதே குழலி."

"ஓடிட்டுத் திரும்பி வருதுங்க. வாரத்துக்கு ரெண்டு தடவ வரும். நான் ரெண்டு தடவயும் கல்லப் போடுவேன்."

ஜெபகுமார் ஹெல்மெட்டின் வாரைத் திருகிக்கொண்டே, "தப்பா எதுவும் பண்ணிட்டனாமா?" என்றான்.

"நீ இன்னாபா பண்ண? உக்காரு. சோறு ஆயிடுச்சு, துன்னுட்டுப் போ."

சித்திரை முதல் வாரத்தில் கோதண்டபாணி சின்ன லோடு வண்டி ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்தார். ரோட்டில் ஓட்டிக்கொண்டு போக முடியாதே. பலகை சாய்த்து, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, வண்டியை உருட்டி மேலே ஏற்றினார்கள். ஜெபகுமார் கடையை மூடிவிட்டு வந்து, கயிறு போட்டு நாலு பக்கமும் இழுத்துக் கட்டினான். குமாரவேல் முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். எதிர்வீட்டு தேவிப்ரியா கம்பெனி சுடிதாரோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழலி மடித்த தார்ப்பாயைக் கொண்டுவந்து கோதண்டபாணியிடம் கொடுத்தாள். "மழ வந்தா மூடுங்க. காலைல எடுக்கும்போது சோக்க இழுத்துக்குங்க, ஒடனே ரேஸ் குடுக்காதீங்க. அதுக்கு ஆவாது." அவ்வளவு நீளமாக அவள் வெளியாளிடம் பேசி யாரும் கேட்டதில்லை. பிள்ளைகளை ஏற்றி வண்டி ஓட்டியே வயதானவர் அவர். புதிதாகக் கேட்பவரைப்போலக் கேட்டுக்கொண்டு, "சரிமா, சரிமா" என்றார்.

டிரைவர் ஏறி உட்கார்ந்தான். ஜெபகுமார் இன்னும் லோடு வண்டியின் மேலேயே நின்றிருந்தான். சாவி அவன் கையில் இருந்தது. குழலியைப் பார்த்து, தணிந்த குரலில் கேட்டான்.

"ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணட்டுமாமா? சத்தம் கேக்கறீங்களா?"

அவள் சாவியைப் பார்த்தாள். அவன் அதை மாட்டுவதற்கே குனிந்துவிட்டான்.

"வேணாம்பா" என்றாள். "சும்மா ஸ்டார்ட் பண்ணா எறங்கிடும்."